காதும் காதும் வைத்தாற்போல்

ஏழு ஆப்ரிகாட் கன்றுகள்.
தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குப்
பட்டையை உரித்துத் தின்றிருந்தன.
ஒரு பக்கம் மட்டும் என்றால் மரம் தேறிவிடும்.
இது சுற்றிலும், வளையல் போட்ட மாதிரி.
அந்த வளையலைப் பார்த்துத்தான் எனக்குக் கோபம் வந்தது.

நியூசிலாந்தின் இந்த மூலையில், அலெக்ஸாண்ட்ராவில்,
முயலைப் பார்த்துப் பாவம் என்பவர் இல்லை.
குழந்தைகள்கூடத் தோலுக்கு என்ன விலை என்பார்கள்.

உரிமத்துக்காக விசாரிக்க வந்த அதிகாரி
என் முன்னாள் கணவனிடமும் பேசினாராம்.
"மோர்வனுக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது"
என்றிருக்கிறான் அலிஸ்டர்.
அது நல்லதா கெட்டதா என்று குறிக்க
படிவத்தில் கட்டம் இல்லை போலும்.
உரிமம் வந்துவிட்டது.

கார்த் பொமராயின் கடையில் எனக்கு முன்னால் மூன்று பேர்.
அவரவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.
பாயின்ட் டூ டூ தவிர வேறு எதையும் தொடாதே என்றார் ஒருவர்.
காற்றுத் துப்பாக்கிதான் வீட்டுத் தோட்டத்துக்கு,
பம்ப் அடிக்கத் தோளில் வலு வேண்டும் என்றார் அடுத்தவர்,
என் தோளைப் பார்த்தபடி.
மூன்றாமவர் பன்னிரண்டு போர் ஷாட்கன் கட்சி,
எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற ஆள்.

"எவ்வளவு அமைதி வேண்டும்?" என்றார் கார்த்.
பதினாறு மீட்டர் தள்ளி, வேலிக்கு அப்பால்,
நைரியின் படுக்கையறை ஜன்னல்.
மருத்துவமனையில் இரவு வேலை முடித்து
ஆறே முக்காலுக்கு வருவாள்.
ஏழுக்குத் திரை விழும்.
முயல்களுக்கும் அதே ஏழு மணிதான்.
"ஒரு நர்ஸ் புரண்டு படுக்காத அளவுக்கு."

கார்த் கையாலேயே செய்து காட்டினார்.
கல்லாமேசை மேல் உள்ளங்கையால் ஓர் அறை: இது சாதாரணக் குண்டு.
விரல் முட்டியால் ஒரு தட்டு:
இது ஒலியைவிட மெதுவாகப் போகிற குண்டு.
பிறகு பிஸ்கட் டப்பாவின் மூடியை அழுத்தினார், டப்:
"அதோடு சைலன்சர்."
மூடியை வாங்கிக்கொண்டேன்.
கதவு வரை வந்து சொன்னார்,
"சத்தம் குறைந்தால் குண்டு குறைந்தது என்று நினைக்காதே.
பின்னால் எப்போதும் மண்மேடு இருக்கட்டும்."

ஏப்ரல். புல்லில் வெள்ளை உறைபனி.
வராந்தாப் படியில் வயிற்றின்மேல் படுத்தேன்.
ஐம்பத்து நான்கு வயது, இரண்டு ஸ்வெட்டர்.
மண்மேட்டுக்கு முன்னால் மூன்று முயல்கள்.
மூச்சு விட்டு, பாதியில் நிறுத்தி, அழுத்தினேன்.

டப்.

ஒன்று பக்கவாட்டில் சாய்ந்தது,
சோபாவில் தூங்கிப் போகிறவர் மாதிரி.
பக்கத்தில் இருந்தது
ஒரு காதை மட்டும் திருப்பியது.
திரும்பவும் புல்லுக்குக் குனிந்தது.

நான் இதை எதிர்பார்க்கவில்லை.
சத்தம் ஒரு தகவல் என்று
யாரும் கடையில் சொல்லவில்லை.
நைரிக்காக நான் வாங்கிய அமைதி
இவற்றுக்கும் சேர்த்துத்தான் வாங்கியதாம்.

இரண்டாவதையும் சுட்டேன்.
அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

மூன்றாவது,
இரண்டு உடல்களுக்கு நடுவில் உட்கார்ந்து
முகம் கழுவ ஆரம்பித்தது.
முன்னங்கால்களால், காதைக் கீழே இழுத்து இழுத்து,
பள்ளிக்குக் கிளம்புகிற மாதிரி.
தலை நேராக இருந்தது. தூரம் இருபது மீட்டர்.
இதைவிட எளிதாக ஒன்று அமையாது.

துப்பாக்கியின் பூட்டைத் திறந்து குண்டை எடுத்து
ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டேன்.
எழுந்து நின்றேன்.
விறைத்த இரண்டு கைகளையும் சேர்த்து
ஓங்கித் தட்டினேன், ஒரே தடவை.

மலைச்சரிவுப் பாறை அதைத் திருப்பி அனுப்பியது.
முயல் வேலியடியில் வெள்ளை வாலாகி மறைந்தது.

அந்தப் பக்கம் திரை விலகியது.
ஒரு கண்ணில் தூக்கம், மறு கண்ணில் கொலைவெறி.
"மோர்வன்! காலங்கார்த்தாலே
யாருக்கடி கை தட்டுகிறாய்?"