ஒரு வரி

மூன்று நிமிடம் தந்தார்கள் ஸுல்மீரா ஃபரோபுவுக்கு.
எதிர்வரிசையிலும் கடைசிப் பெஞ்சு,
ஆறே பேர் உள்ள கட்சி.
லிஸ்பன் பேரவையில்
உறுப்பினர்களின் கால்மட்டத்துக்கும் கீழே
குழி போன்ற ஓரிடத்தில் என் மேசை.
சுருக்கெழுத்து என் வேலை.
போன வருடம் ஒன்பது பேர் இருந்தோம்,
இப்போது நான்கு.
(இது பேரவைக் குறிப்பில் வராது.)

அவருக்கு முன்னால் நிதியமைச்சர் வாஸ் தெலெஸ்
நாற்பது நிமிடம் பேசினார்.
வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி
நாடு இந்தக் குளிர்காலத்தைக் கடந்துவிடும் என்றார்.
ஆஸ்பத்திரிகளில் மறுசீரமைப்பாம்,
படகுகளில் முறைப்படுத்தலாம்.
என் பென்சிலுக்கு இரண்டும்
ஏறக்குறைய ஒரே கீற்று.
வலப்பக்க வரிசைகளில் கைதட்டல் என்று எழுதினேன்.

ஸுல்மீரா எழுந்தார்.
பையில் கைவிட்டுத் துழாவி எடுத்தது
புள்ளிவிவரக் கட்டு இல்லை,
ஒரு சாவிக்கொத்து.

"யாருடைய வாய், அமைச்சரே?
யாருடைய வயிறு?

அக்கரையில், எங்கள் பர்ரெய்ருவில்
திருமதி எர்மெலிந்தா என்று ஒருவர்.
திங்கட்கிழமைதோறும் கஷ்காய்ஷ் போகிறார்.
அங்கே ஒரே ஆளுக்குப் பதினொரு வீடு.
ஜன்னல் திறக்கிறார், குழாய் திறக்கிறார்,
கழிவறையில் தண்ணீர் விடுகிறார்,
நாற்றம் வராமல் இருக்க.
பிறகு பதினொன்றையும் பூட்டுகிறார்.
அங்கே குடியிருப்பது காற்று.

பயப்படாதீர்கள், இவை அந்தச் சாவிகள் இல்லை.
என் மாடிக்குடியிருப்பில் வீடு வீடாகத் தட்டி
இரவல் வாங்கி வந்தேன்,
பதினொன்று எவ்வளவு கனம் என்று பார்க்க."

சிரிப்பு, என்று எழுதினேன்.
எந்தப் பக்கம் என்று எழுதவில்லை.
உண்மையில் எல்லாப் பக்கமும்.

"இரவில் அவர் வங்கியைக் கூட்டுகிறார்.
கடைசிப் படகை நீங்கள் நிறுத்திவிட்டீர்கள்,
விடியும்வரை படகுத்துறை பெஞ்சில் தூக்கம்.
சோப்புக்கு வரி கட்டுகிறார்,
ரொட்டிக்குக் கட்டுகிறார்,
ஆஸ்பத்திரியில் தீர்ந்துபோனதால்
வெளியே வாங்கிய கட்டுத்துணிக்கும் கட்டுகிறார்.
நான் கேட்பது பெரிய சொத்துக்கு
நூற்றுக்கு இரண்டு.
வருடத்துக்கு ஒரு தடவை.
ஒரு வரி."

"பணம் ஓடிப்போகும்!" என்று ஒரு குரல்.

"ஓடட்டும்.
பதினொரு வீட்டையும்
பாயாகச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டா ஓடும்?"

சிவப்பு விளக்கு எரிந்தது.
மைக் செத்தது.
தலைவர் சுத்தியலைத் தட்டத் தட்ட
அவர் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.
மைக் கேட்காததைக் குறிப்பு கேட்கக் கூடாது
என்பது எங்கள் விதி.
பென்சிலை வைத்துவிட்டேன்.

இறங்கி வரும்போது
அமைச்சரின் மேசையருகே சாவிக்கொத்து வழுக்கி விழுந்தது.
அவரே குனிந்து எடுத்தார்.
கையில் வைத்து ஒருமுறை தூக்கிப் பார்த்தார்,
கறிக்கடைக்காரர் எடை பார்ப்பதுபோல.
நீட்டும்போது தாழ்ந்த குரலில் சொன்னார்:
"தெரியும், ஸுல்மீரா.
எனக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்?"

கேட்டவர்கள் இரண்டு பேர்.
ஒருவர் எதிர்க்கட்சி, நம்பமாட்டார்கள்.
இன்னொருவர் மேசை நாற்காலி மாதிரி.

தீர்மானம் தோற்றது.
ஆதரவு அறுபத்தொன்று.
எதிர்ப்பை எண்ணுமுன்பே பாதிப் பேர்
கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

மேட்டிலிருந்து இறங்கி
எஸ்த்ரெலா பக்கம் ஒரு கடையில் காப்பி குடித்தேன்.
ரசீது வந்தது.
காப்பி, அதன் கீழே வரி,
சில்லறைக்காசு சுத்தமாக.
அதை மட்டும் யாரும் மறப்பதே இல்லை.

நோட்டைத் திறந்தேன்.
அவர் கேட்டு இவர்கள் தராதது ஒரு வரி.
இவர் சொல்லி நான் எழுதாதது ஒரு வரி.
பென்சில் மொக்கையாக இருந்தது.
கடைக்காரரிடம் கத்தி கேட்டேன்.
எதற்கு என்றார்.

சீவ, என்றேன்.