பாக்கி

பல் கட்டுவது என் தொழில்.
ரூவான் நகரின் பாதி வாய்கள்
என் மேசையில் மெழுகாய்க் கிடந்து எழுந்தவை.
அதே மெல்லிய கொக்கிகளால்
ஞாயிற்றுக்கிழமைகளில் புத்தகம் துடைக்கிறேன்:
தோல் மடிப்பில் சேர்ந்த இருநூறு வருட அழுக்கை,
பொன்வரி நோகாமல்.

கடவுள் எனக்குப் பழக்கமில்லை.
ஆனாலும் அலமாரியில் பதினேழு ஜெபப் புத்தகங்கள்,
புனித வாரத்துக்கென்று மட்டும் ஒன்பது.
கன்றுத்தோல் வழுவழுப்பு. செம்மறித்தோல் சோகை.
வெள்ளாட்டுத் தோலுக்குத்தான் திமிர்.
அந்த மொரோக்கோச் சிவப்பில் விரல் வைத்தால்
யார் நீ என்று கேட்கும்.

மண்டியிட்ட இடம் எதுவென்று பக்கங்கள் சொல்லிவிடும்:
சிலவற்றில் மெழுகுவர்த்தி சொட்டித்
தாள் கண்ணாடியாகியிருக்கும்.
மற்றதெல்லாம் யாரும் பிட்டுப் பார்க்காத ரொட்டி.

அரச பஞ்சாங்கம் வேறு ரகம்.
கிரகணம், பிறை, தபால் வண்டி கிளம்பும் நேரம்,
பிறகு அறுநூறு பக்கத்துக்குப் பெயர்கள்.
ராஜாவின் ஆயர்கள், ராஜாவின் உப்பு அதிகாரிகள்,
ராஜாவின் குதிரைக்கு லாடம் பார்ப்பவர்.

போன மார்ச் ஏலத்தில் ஒரு கட்டு:
1788-இன் பஞ்சாங்கம்,
கூடவே முதுகு கிழிந்த ஜெபப் புத்தகம், இலவசம் மாதிரி.
எதிரே கை தூக்கியது ஒதில் கெர்வியே மட்டும்.
முன்பு கன்னியாஸ்திரீ,
இப்போது பேருந்துப் பணிமனையில் கணக்கர்.
நானூற்று அறுபதில் கையை இறக்கிவிட்டார்.

வீட்டில் விரித்தேன்.
அட்டையின் மூன்று லில்லிப் பூக்களும்
கத்தியால் சுரண்டப்பட்டிருந்தன.
உள்ளே, பெயர்களுக்குப் பக்கத்தில்
பழுப்பு மையில் சின்னச் சின்னச் சிலுவைகள்.
நாற்பத்தொன்று.
என் பின்கழுத்து சில்லிட்டது.

கில்லட்டின் என்று யாரும் சொல்லவில்லை,
நானே சொல்லிக்கொண்டேன்.
இரவு, ஒற்றை மெழுகுவர்த்தி, நடுங்காத ஒரு கை,
விழுந்த தலைகளின் கணக்கு.
கதை ஈறில் பொருந்திய பல் மாதிரி இறுகியது.
பாரிஸிலிருந்து லுதோவிக் பெசான் என்ற வியாபாரி
ஆறாயிரம் தருவதாய் எழுதினார்.
மரணப் பஞ்சாங்கம் என்று
பெயரும் வைத்துவிட்டார்.

ஒதில் காப்பி குடிக்க வந்தார்.
நான் சட்டை செய்யாத ஜெபப் புத்தகத்தை எடுத்துப்
பின்தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.
அதே மை. அதே கோணல்.
உப்பு அதிகாரி: பொடி ஆறு ராத்தல்.
நீதிபதி: டோப்பா இரண்டு, ஒன்று திரும்பி வந்தது.
ஆயரின் செயலர்: சுருள் போட்டது மூன்று முறை, தரவில்லை.

சிலுவை போட்டவன் டோப்பா கட்டுகிறவன்.
சிலுவை விழுந்தவர்கள் பாக்கிக்காரர்கள்.

"தலை போச்சோ என்னவோ," என்றார் ஒதில்,
"அதுக்கு மேலே இருந்ததுக்குக் காசு வரலை."
சிரித்ததில் காப்பி தளும்பியது.
புத்தகத்தை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

பூக்களைச் சுரண்டியதும் அவன்தானா,
பயத்திலா, வசூலாகாத கோபத்திலா,
தெரியவில்லை.
அந்த ஜெபப் புத்தகத்தில்
கடன்களை மன்னிக்கச் சொல்லும் ஒரு வரி வருகிறது.
அதன்மேல் மெல்லிய கோடு.
அடித்துவிட்டான் என்கிறேன் நான்.
அடிக்கோடு கை வழுக்கி மேலேறியது என்கிறார் ஒதில்.
இன்னும் தகராறு தீரவில்லை.

பெசானுக்குப் பதில் எழுதவில்லை.
ஆறாயிரம் ஆறாயிரம்தான்.
மேசையில் மதாம் துஷோசாலின் கீழ்த்தாடை காய்கிறது.
ஜனவரியிலிருந்து முன்பணம் தரவில்லை.
என் குறிப்பேட்டில் அவர் பெயருக்கு முன்னால்,
பென்சிலில்,
நான் போட்டு வைத்திருப்பதை
இன்றைக்குத்தான் பார்த்தேன்.

நாளை பத்து மணிக்கு வருகிறார்.
ஆட்டுக்கறி கடிக்க ஆசையாம்.