முப்பத்தைந்திலிருந்து பதினைந்துக்கு

பித்யாவில் முடிகிறது தார்ச்சாலை.
முடிகிற இடத்தில் ஒரு டயர்க் கடை,
ஒரு பூனை, அதற்கப்பால் மணல்.

ஒட்டகங்களுக்குத் தடுப்பூசி போடுவது என் வேலை.
உதைக்குப் பயந்ததில்லை, கடிக்கும் பயந்ததில்லை.
இந்த வெள்ளை பிக்கப்புக்குத்தான்
நேற்றிரவு முழுக்கத் தூங்கவில்லை.
இதை ஓட்டிய ஹிலால் சலாலாவுக்கு மாற்றலாகிவிட்டான்.
சாவியோடு அவன் விட்டுப்போனது
ஒரு மண்வெட்டியும்
"பிரேக்கை மறந்துவிடு, ஸுவைனா" என்ற ஒற்றை வாக்கியமும்.

முதலில் காற்றை இறக்க வேண்டும்.
குந்தி உட்கார்ந்து வால்வை அழுத்த
முப்பத்தைந்திலிருந்து பதினைந்துக்குச்
சீறிச் சீறித் தளர்ந்தது ஒவ்வொரு சக்கரமும்,
வயிறு தரையில் படிய உட்காரும் ஒட்டகம்போல.
தைரியம் என்றால் நெஞ்சை நிமிர்த்துவது
என்றிருந்தேன் இதுவரை.

முதல் மேடு. பாதியில் பயந்து
காலை எடுத்தேன். புதைந்தேன்.
தோண்டினேன்.
மறுபடி பயந்து
காலை அழுத்தினேன். இன்னும் ஆழமாய்ப் புதைந்தேன்.
ஐஸ் பெட்டிக்குள் மருந்துக் குப்பிகள்
பல்லைக் கடித்துக்கொண்டு குளிரைக் காத்தன.
செருப்புக்குள் மணல், காதுக்குள் மணல்.
யாருமில்லாததால் உரக்கத் திட்டினேன்
மணலை, ஹிலாலை, அமைச்சகத்தை.
மணல் மட்டும் பதிலுக்குக் கொஞ்சம் சரிந்தது.

டயர்க் கடைப் பையன் ஒன்று சொல்லியிருந்தான்:
ஏற முடியாவிட்டால் திருப்பாதே,
குறுக்கே நின்றால் வண்டி உருளும்.
வந்த தடத்திலேயே பின்னால் இறங்கு.
கண்ணாடியில் பார்த்தேன்.
என் தடம் இரண்டு கோடாய்க் கீழே காத்திருந்தது.
ஸ்டியரிங்கை அசைக்காமல்
அதைப் பிடித்து இறங்கினேன்.
இன்று ஒழுங்காய்ச் செய்த முதல் காரியம்.
பார்க்க ஒரு காக்கைகூட இல்லை.

பிறகு எப்படி ஏறினேன் என்று சரியாய்ச் சொல்லத் தெரியவில்லை.
எஞ்சினின் குரல் கம்மியபோது
கால் தானாய்க் கொஞ்சம் கொடுத்தது,
உச்சியில் தானாய் எடுத்தது.
முன்கண்ணாடி முழுக்க வானம்,
அடிவயிற்றில் ஒரு வெறுமை,
மறுநொடி
கீழே கூடாரமும் பதினெட்டு ஒட்டகங்களும்.

மௌஸா பேரீச்சம்பழம் வைத்தாள்,
ஏலக்காய் மணக்கக் காப்பி ஊற்றினாள்.
முழங்கைவரை மணலாயிருந்த என்னைப் பார்த்து
"எத்தனை தடவை சிக்கினாய்?" என்றாள்.

"இரண்டு" என்றேன்.

"காற்று காலையிலிருந்து இந்தப் பக்கம்தான் வீசுகிறது"
என்றபடி கோப்பையை நிரப்பினாள்.
"எனக்கு ஐந்து கேட்டது."