படகுக்கு ஆள்

செவ்வாய்க்கிழமை என்று முடிவாயிற்று.
ஞாயிறன்று வவாவுவில் நாய்கூட நீந்தாது.
திங்கள், மனாசேக்கு ஐஸ் ஆலையில் இரண்டாம் ஷிப்ட்.
புதனிலிருந்து தென்கிழக்குக் காற்று என்கிறது வானொலி.
ஆக, செவ்வாய்.
காலை ஒன்பதே காலுக்கு நீர் வற்றம்.
அப்போது குகையின் வாய்
ஓராள் ஆழத்தில் இருக்கும்.

மேசையில் கடைக் கணக்கு நோட்டு, நடுப்பக்கம்.
பெட்ரோல், மஞ்சள் கேனில் இருபத்தைந்து லிட்டர்.
முகக்கண்ணாடி நான்கு;
ஒன்றின் பட்டை அறுந்து
சைக்கிள் ட்யூபால் கட்டியிருக்கிறது.
டார்ச் இரண்டு.
நேற்று ராத்திரி பக்கெட் தண்ணீரில் முக்கிப் பார்த்ததில்
ஒன்று எரிந்தது, மற்றது யோசித்து எரிந்தது.
அவித்த ஈரப்பலா, டின் மீன்,
அகனேசிக்கு மட்டும்
ஆக்லாந்திலிருந்து அவளே கொண்டுவந்த பிஸ்கட்.

ஒரு வாரமாக அவள் மூச்சுப் பிடித்துப் பழகுகிறாள்.
பாத்திரம் கழுவும்போது, பேருந்துக்கு நிற்கும்போது.
பிரசங்கத்தின் நடுவே முகம் சிவந்து
போதகரே நிறுத்திக் கேட்டார், உடம்புக்கு என்ன என்று.
ஐம்பத்தோரு விநாடி.
கெப்புவுக்கு எழுபது.
எண்ணியதும் கெப்புதான்.

மனாசே மறுபடி சொல்கிறான்.
உள்ளே போய்த் தலை நிமிர்ந்தால்
கூரை தேவாலய உயரமாம்.
அலை ஏறும்போது
யாரோ விரல் வைத்ததுபோல் காது அடைக்குமாம்.
அலை இறங்கும்போது
எங்கிருந்தோ வெண்பனி வந்து
பக்கத்தில் இருப்பவர் முகம் மறையுமாம்.
அடுத்த அலைக்குத்
துடைத்தாற்போல் போய்விடுமாம்.

நான் ஆறு முறை போயிருக்கிறேன்.
எனக்குத் தெரிந்த குகை முழுக்க
'ஆம்' என்றே முடிகிறது.

அந்தப் பாறையடியில் நங்கூரம் தரை தொடாது.
எஞ்சினை அணைக்காமல்
பாறைக்கும் படகுக்கும் பத்தடி விட்டு
பிடித்து நிறுத்த ஒருவர் வேண்டும்.
ஹிங்கானோவுக்குக் கை நிதானம் என்பார்கள்.
அதனால் அவர்களுடைய உள்ளங்கால்களை
எனக்கு நன்றாகத் தெரியும்.
மனாசேயின் இடது குதிகாலில்
கடல்முள்ளி குத்திய கறுப்புப் புள்ளிகள்.
கெப்புவுக்குத் தட்டைப் பாதம்.
வெளுப்பாகத் திரும்பும், ஒரு உதை,
பிறகு நீலம்.

ஒருமுறை நெடுநேரம் வரவில்லை.
அன்று தாய்த் திமிங்கிலம் ஒன்று குட்டியோடு
படகருகே வந்து மூச்சுவிட்டது.
அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம்.
அவர்கள் ஏறியதும் சொன்னேன்.
பனியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

இன்று பென்சிலை நான் வாங்கிக்கொண்டேன்.
'உள்ளே' என்று எழுதி
மனாசே, அகனேசி, கெப்பு,
நாலாவதாக என் பெயர்.
அடியில் 'படகு' என்று எழுதி
எதிரே ஒரு கோடு இழுத்தேன்.
கோட்டின் மேல் எதுவும் எழுதவில்லை.

"அந்த எஞ்சின் உன் கைக்குத்தானே கிளம்பும்?" என்றான் கெப்பு.
"சோக்கைப் பாதி இழு. மூன்றாவது இழுப்புக்கு முன்னால் திட்டு.
அவ்வளவுதான்."

"உனக்கு எத்தனை விநாடி?"
அகனேசிதான் கேட்டாள்.
கேட்டபிறகுதான் தெரிந்தது,
இதுவரை யாரும் கேட்டதில்லை என்று.

"தொண்ணூற்றிரண்டு."
"எப்போது பார்த்தாய்?"
"நீங்கள் முங்கும்போதெல்லாம்.
கைப்பிடியை விடாமல்
நானும் பிடித்துப் பார்ப்பேன்."

கெட்டில் கொதித்துத் தானே அணைந்தது.
கெப்பு எரியாத டார்ச்சை எரியவைத்துக்கொண்டிருந்தான்.
கூரைத் தகரத்தில் மழை தொடங்கி,
வேண்டாமென்று நின்றுவிட்டது.

மனாசே நோட்டைத் தன் பக்கம் திருப்பினான்.
கோட்டைப் பார்த்தான், தொடவில்லை.
மேலே போய், பெட்ரோல் வரியில்
இருபத்தைந்தை அடித்துவிட்டு
முப்பத்தைந்து என்று எழுதினான்.
"இரண்டு தடவை நிற்க வேண்டியிருக்குமே"
என்றான், கேனைப் பார்த்து.