புள்ளிக்கு வலப்புறம்

ஜிப்ரால்டரில் மண் குறைவு.
ஒரு பாறை, அதன் காலடியில் கொஞ்சம் தெரு.
வீடு கட்ட இடம் வேண்டுமென்றால் கடலைத் தூர்க்க வேண்டும்.
அதனால்தானோ என்னவோ
ஐவர் பிட்டலுகா
கல்லும் மணலும் கேட்காத மனை வாங்கினார்:
இணைய முகவரியில்
புள்ளிக்கு வலப்புறம் இருக்கும் இடம்.

(ஐவர் என்பது ஒரே ஆளின் பெயர்.
கம்பெனியில் மொத்தமே நால்வர்.)

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் இரண்டு அறை.
கடன்வாங்கிய நாற்காலிகள்.
முதலீட்டாளர் காசில் பதினொரு சொற்கள்.
டாட் பேக்கரி. டாட் பென்ஷன். டாட் யாட்.
ஏலத்தில் டாட் யாட்டின் விலையை
டல்லாஸ்காரன் ஒருவன் ஏற்றிக்கொண்டே போனான்.
சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஷோல்ட்
நகத்தைக் கடித்து முடித்து விரலுக்கு வந்திருந்தார்.
யாரும் சீண்டாமல் கிடந்த ஒரு சொல்லைக்
கடைசியில் கொசுறாக எடுத்தார்கள்.
டாட் சாரி.

"இதை யார் வாங்குவார்கள்?"
கேட்டவள் மரியோலா, கணக்கர்,
தினமும் லா லினேயாவிலிருந்து எல்லை தாண்டி
விமான ஓடுபாதையின் குறுக்கே நடந்து வருபவள்.
"தப்புச் செய்தவர்கள்" என்றார் ஐவர்.
"அப்படியானால் சந்தை பெரிது."

எனக்குப் பழக்கமான புள்ளி வேறு.
மெய்யெழுத்தின் தலையில் உட்கார்ந்துகொண்டு
உயிரை உள்ளே விடாதது.
இவர்களுடைய புள்ளி தரையில் கிடக்கிறது
கடுகளவு.
அதைத் தாண்டினால் வாடகை.

திறப்பு நாளில்
டாட் பேக்கரிக்கு ஆறு பேர்.
டாட் பென்ஷனுக்கு ஒருவர், அவரும் ஷோல்ட்டின் மாமனார்.
டாட் சாரிக்குத்தான் பெரும்புள்ளிகள் வந்தார்கள்.
வங்கிகள், விமான நிறுவனங்கள்,
தன் பெயரைப் பதினான்கு விதமாக
எழுத்துப்பிழைகளையும் சேர்த்து வாங்கிய
எண்ணெய்க் கம்பெனி ஒன்று.
தங்கள் பெயரில் வேறு எவனாவது
மன்னிப்புக் கேட்டுவிடப் போகிறான் என்று
வக்கீல்கள் விடிய விடியப் பதிவு செய்தார்கள்.
வாங்கினார்கள். பூட்டினார்கள். போனார்கள்.

முதலீட்டாளர்கள் ஒரு பெட்டி ஷெர்ரி அனுப்பினார்கள்.

வருடக் கடைசியில்
ஷோல்ட் சின்னதாக ஒரு நிரல் எழுதி
விற்ற கதவுகளை எல்லாம் தட்டச் சொன்னார்.
மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு முகவரிகள்.
இருட்டு, இருட்டு, இருட்டு,
காபி ஆறும்வரை இருட்டு.
ஒன்றில் மட்டும் விளக்கு எரிந்தது.

நொயெலியா டாட் சாரி.

படம் இல்லை. தேதி இல்லை.
ஸ்பானிஷில் ஒரே வரி:
சாவி பழைய இடத்தில்தான் இருக்கிறது.
பத்து வருடத்துக்கு முன்பணம் கட்டியிருந்தது.
வந்து பார்த்தவர் எண்ணிக்கை, ஒன்று.

"எவனோ பைத்தியம்" ஷோல்ட் சிரித்தார்.
ஐவர் ஜன்னலைத் திறக்கப் போனார்.
அது திறந்துதான் இருந்தது.

மரியோலா வரவேட்டில் அந்த வரிக்கு வந்தாள்.
கார்டின் கடைசி நான்கு எண்கள்,
மாதாமாதம் காபித்தூளுக்கும்
மாடிப்படி பல்புக்கும் அவள் எழுதுகிற
அதே நான்கு எண்கள்.
முழு விலை.
முதலாளிக்குரிய தள்ளுபடி எடுக்கப்படவில்லை.
டிக் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்:
காப்பீட்டு நிறுவனம், காலி, புதுப்பிக்கப்பட்டது.

மாலையில் ஓடுபாதைக்குத் தடுப்பு போட்டிருந்தார்கள்.
லண்டன் விமானம் இறங்க வேண்டும்.
வீடு திரும்பும் கூட்டம் பைகளோடு நின்றது,
கீழைக்காற்றில் எல்லார் முடியும் ஒரே பக்கம்.
மரியோலா போனை எடுத்து
அந்த முகவரியைத் தட்டினாள்.
புள்ளியிடம் வந்ததும் விரல் கொஞ்சம் நின்றது.
பிறகு மிச்சத்தையும் தட்டினாள்.

நாளைக்கு ஷோல்ட் பார்த்தால்
இரண்டு என்று இருக்கும்.