வா என்று தொடங்கும் சொல்

அறுகம்பையில், கெஸ்ட் ஹவுஸின் பின்பக்கம்,
துணி துவைக்கிற மெஷின் இரண்டு.
ஒன்று சுற்றினால் மற்றது அழும்.
அந்தச் சத்தத்துக்கும் மேலே, என் போனில்,
பிரெஞ்சில் ஒருத்தி யாரையோ
வாசலிலேயே நிறுத்திவைத்துப் பாடுகிறாள்.
மூன்று நிமிசம் நாற்பது செக்கன்.
ஒருநாளும் அவன் உள்ளே வந்ததில்லை.

சீஆர் கொப்பியில் இடப்பக்கம் அவளுடைய சொல்,
வலப்பக்கம் என்னுடையது.
மியெல், தேன்.
ரோஸ், அதே ரோசாதான்.
மாந்தேர், பொய்யன்.
முதலில் மாந்தர் என்று எழுதிப்போட்டேன்,
பிறகும் வெட்டவில்லை,
பெரிய பிழையாகத் தெரியவில்லை.
நோன், வேணாம்.
நோன்பில் முக்கால்வாசி என்று மனசில் வைத்தேன்.
வாத்தோன், போய்த்தொலை.
வா என்று தொடங்குகிற சொல்
எப்படிப் போ என்று முடியும்?
இரண்டு நாள் அதிலேயே நின்றேன்,
மெஷின் நின்றதும் தெரியாமல்.

அலைப்பலகை ஓடப் பழக்கும் ஜெஸ்மிலிடம்
ஐந்து பாஷை இருக்கிறது.
ஐந்திலும் கண், நிலா, நாளைக்கு.
பொத்துவிலில் எனக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவன் வீடு,
ஆனாலும் என்னிடம் பிரெஞ்சில் பேசினான்,
கொடியைப் பிடித்துக்கொண்டு,
உப்புத்தண்ணீர் சொட்டச் சொட்ட.
முழுவதும் விளங்கியது.
பாட்டில் வாசலுக்கு வெளியே நிற்கிறவனின் சொற்கள்
ஒன்றுகூட மாறவில்லை.

கார்த் தோன் மியெல், என்றேன்.
உன் தேனை நீயே வைத்துக்கொள்.

அவன் முழித்தான்.
"அதென்னகா அர்த்தம்?"
அந்தப் பக்கத்தை அவன் படித்ததே இல்லை.
யாரும் அவனிடம் சொல்லவில்லையோ,
சொன்னபோது
அலைச்சத்தம் கூடவோ.
"ஈரத்தோட வெள்ளைத் துணியில சாயாதீங்க,"
என்றேன், தமிழில்.
சிரித்துக்கொண்டே போனான்.
நல்ல சிரிப்பு. அதைச் சொல்லாமல் விட்டால்
நானும் மாந்தேர்.

இரவு திரும்பக் கேட்டேன்.
ஜமே, ஒருக்காலும் இல்லை.
பதினொரு தரம் சொல்கிறாள்.
வாசலில் நிற்கிறவனுக்குக் கேட்க
ஒருதரம் போதாதா?
எண்ணிக்கொண்டே படுத்தேன்.

விடிய, ஏழாம் ரூம் வெள்ளைக்காரம்மா வந்து
என்னவோ கேட்டா.
கைவசம் இருந்ததெல்லாம் பொய்யன், போய்த்தொலை, ஒருக்காலும் இல்லை.
ஒன்றையும் கொடுக்க ஒண்ணாது.
அவ காற்றில் கைகளைத் தேய்த்துக் காட்டினா.
ஓ!

சவோன், சவர்க்காரம்.
புதுப்பக்கம் திருப்பி எழுதினேன்,
எழுத்தில் நுரை படிய.