மைனஸ் இருபது

திருநெல்வேலியில் எங்கள் ஆய்வுகூடத்துக்கு
ஜாம் போத்தல்கள்தான் வயல்.
ஒவ்வொன்றிலும் இரண்டு விரற்கடை ஏகார்,
அதில் ஊன்றிய இதரை வாழைக் குருத்து
நகத்தின் பிறை அளவு.
மண் இல்லை. காகம் இல்லை.
பதினாறு மணித்தியாலம் குழல்விளக்கு,
எட்டு மணித்தியாலம் இருட்டு.
சூரியன் என் கைக்கடிகாரத்தில் உதிக்கிறது.

ஆடியில் நீர்வேலிக் கம்பனிக்காரர் வந்தார்.
மூவாயிரம் கன்று வேண்டும்,
எல்லாம் ஒரே உயரம், ஒரே கிழமையில் குலை,
கொள்கலன் கொழும்பில் காத்துக்கொண்டு நிற்காது என்றார்.
செய்யலாம் என்றேன்.
ஒரு கண் நாலாகி, நாலு பதினாறாகி,
கடதாசியில் கணக்கு அழகாய்த்தான் இருந்தது.
அது பிழைப்பதென்றால்
போத்தல் கழுவுகிற தொட்டியில்தான் பிழைக்கும்.

கழுவுவது றெஜினம்மா.
பாசையூர், காலை ஆறரை பஸ்.
அவர் கழுவியதில் பூஞ்சணம் பிடித்ததைப்
பதினொரு வருடத்தில் இரண்டு தரம் கண்டேன்,
இரண்டும் மின்சாரம் நின்ற கிழமைகள்.

மூன்றாம் வருடத்து நிறோஜன் ஒரு மாதிரியான பெடியன்.
பக்டீரியாவைத் தூரிகையில் தொட்டுத்
தட்டில் படம் கீறுவான்.
கீறும்போது ஒன்றும் தெரியாது, ஈரத்தின் மேல் ஈரம்.
முப்பது பாகையில் இரண்டு இரவு போனால்
சிவப்பாய், மஞ்சளாய் எழும்பி வரும்.
கண்காட்சிக்கு அவன் கீறியது
பட்டம் ஏற்றும் ஒரு சிறுவன்.
எல்லோரும் குனிந்து நின்று போனில் பிடித்தார்கள்.
நாலாம் நாள் சிறுவனின் காலடியில்
யாரும் கீறாத வெள்ளை ஒன்று படர்ந்தது.

விதிப்படி அழிக்க வேண்டும்:
நூற்று இருபத்தொரு பாகை, பதினைந்து நிமிடம்.
மற்றத் தட்டுகளை அடுக்கிய றெஜினம்மா
அதை மட்டும் கையில் வைத்திருந்தார்.
"இது உயிரோ மிஸ்?"
ஓம்.
"பின்னை ஏன் படம் எண்டு சொல்லுறியள்?"

அதே கிழமை
பிசிஆர் மெசினைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:
"ஒரு ஆளை அடையாளம் பிடிக்க
இதுக்கு எவ்வளவு வேணும்?"
நாங்கள் பிடிப்பது முடிக்கொத்து வைரஸை அம்மா,
வாழை இலையில்.
"அதுக்கு எவ்வளவு?"
கண்ணுக்குத் தெரியாத அளவு.
தலையாட்டினார், மீன் விலை கேட்டவர் போல.

திங்கட்கிழமை செபமாலை டப்பி ஒன்று கொண்டுவந்தார்.
பஞ்சுக்குள் பால்பல்.
"கனீசியஸின்ரை. ஆறு வயசிலை விழுந்தது.
கூரைக்கு மேலை எறியச் சொன்னவன்,
நான் எறியேல்லை."
அவனுடைய பத்தொன்பதாம் வயதை அவர் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

சொன்னேன், எங்கள் மெசினுக்கு வாழை மட்டும் தெரியும்.
மனிதருக்கு வேறு மருந்து, வேறு அனுமதி, வேறு கட்டடம்.
பொருத்திப் பார்க்க
மண்ணிலிருந்து இன்னொன்று வேண்டும் என்பதை
வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.
அது அவருக்குத் தெரிந்திருந்தது.

பல்லே தேவையில்லை அம்மா,
உங்கள் கன்னத்தின் உட்பக்கம் ஒரு பஞ்சால் தொட்டால் போதும்,
பாதி அவன் அங்கே இருக்கிறான் என்றேன்.
ஆறுதல் என்றுதான் நினைத்துச் சொன்னேன்.
கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.
கையில் சவர்க்கார நுரை.
"நான் எவ்வளவு நாளைக்கு, மிஸ்?"

மைனஸ் இருபது உறைபெட்டி, மூன்றாம் தட்டு.
ஒரு பக்கம் நீர்வேலி இலைமாதிரி,
மறுபக்கம் போன வருடம் தோற்றுப்போன திராட்சை.
பதிவேட்டில் நிரல்கள்: இனம், மூலம், திகதி, பயன்.
திகதி மட்டும் எழுதினேன்.

மூவாயிரத்து நாற்பது கன்று
கார்த்திகையில் லொறி ஏறிப் போயின.
ஒன்றுபோல் ஒன்று. கம்பனிக்காரருக்கு மகிழ்ச்சி,
அடுத்த தரம் ஐயாயிரம் என்கிறார்.

நேற்றும் மின்சாரம் போனது.
வளர்ப்பறையில் அவருடைய ஐயாயிரத்தின் முதல் முளைகள்.
அதைக் கடந்து,
டோர்ச்சோடு,
நான் ஓடியது உறைபெட்டிக்கு.
றெஜினம்மா எனக்கு முன்னமே
கதவில் சாய்ந்து நின்றார்,
குளிர் வெளியே போகாமல்.